தம்பிக்கு வாட்ச் வாங்கும் முன்: தீயணைப்பு வீரர்கள் உடம்பில் மாட்டும் சென்சார்கள் பற்றி

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் தம்பி போன மாதம் தீயணைப்புத் துறையில் சேர்ந்திருக்கிறான். வெளிநாடுகளில் தீயணைப்பு வீரர்கள் உடம்பில் சென்சார் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள், வெளியே இருக்கும் அதிகாரி அவர்களுடைய இதயத் துடிப்பு, இருக்கும் இடம் எல்லாவற்றையும் திரையில் பார்க்கிறார் என்று ஒரு வீடியோ பார்த்தேன். அது நிஜமாகவே உயிரைக் காக்குமா? அவனுக்கு ஒரு நல்ல ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தால் பாதி வேலையாவது ஆகுமா?"

தம்பிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். வாட்ச் வாங்கிக் கொடுங்கள், அதில் பலன் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. தீக்குள் போகும்போது அது அவன் கையில் இருக்க வேண்டாம். ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். உடம்பில் மாட்டும் மருத்துவக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. அதில் சில வருடங்கள் தீயணைப்புப் பயிற்சிக் கட்டடங்களின் வாசலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், தீயணைப்பு வீரர்கள் எதனால் இறக்கிறார்கள்? யாரைக் கேட்டாலும் தீக்காயம், புகை, கட்டடம் இடிந்து விழுவது என்பார்கள். அதெல்லாம் உண்டுதான். ஆனால் இதைப் பற்றி அதிகம் ஆராய்ந்திருக்கும் அமெரிக்காவில், பணியில் இருக்கும்போது நேரும் மரணங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை இதயத்தால் வருபவை. ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்டெஃபானோஸ் கேல்ஸ் குழு 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 1994 முதல் 2004 வரை பணியில் நேர்ந்த மரணங்களை எடுத்து, ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வீரரின் ஆண்டு வேலை நேரத்தில் நேரடியாகத் தீயோடு போராடும் நேரம் 1 முதல் 5 சதவீதம்தான். இதய மரணங்களில் 32 சதவீதம் அந்தச் சிறிய நேரத்துக்குள் நடந்திருக்கிறது. நிலையத்தில் சாதாரண வேலை செய்யும்போது இருக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் 10 முதல் 100 மடங்கு வரை அதிகம்.

அதே ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு எண். அழைப்பு வந்து வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே 13 சதவீதம். வேலையை முடித்துத் திரும்பும்போது 17 சதவீதம். அதாவது தீயின் பக்கத்திலேயே இல்லாத நேரத்தில் இத்தனை பேர். தூங்கிக்கொண்டிருக்கும் மனிதனின் காதருகே மணி அலறினால், அவன் காலைத் தரையில் வைப்பதற்குள் துடிப்பு எகிறிவிடுகிறது. அதனால்தான் சில நாடுகளில் நிலைய மணியை மெல்லிய ஒலியில் தொடங்கிப் படிப்படியாக ஏறும்படி மாற்றுகிறார்கள். செலவு குறைவு, யாரும் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த மாற்றங்களில் அது ஒன்று.

உள்ளே போனால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதை எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்து தீயணைப்பு வீரர்களை வைத்துச் சோதித்தது. முடிவுகள் 2017இல் வந்தன. ஆரோக்கியமான, புகைபிடிக்காத 19 பேர். பயிற்சிக் கட்டடத்துக்குள் 20 நிமிடம் போல மீட்பு ஒத்திகை. 80 கிலோ பொம்மையைத் தூக்கி வர வேண்டும். உள்ளே வெப்பம் 400 டிகிரி செல்சியஸ் வரை போனது. வெளியே வந்தவர்களின் உள்ளுடல் வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி உயர்ந்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு இறங்கவேயில்லை. ரத்தம் கெட்டியாகும் தன்மை கூடியிருந்தது. ரத்தக்குழாய்கள் மருந்து கொடுத்தும் சரியாக விரியவில்லை. இதயத் தசைக்கு லேசான சேதம் ஏற்பட்டதற்கான அடையாளமும் ரத்தத்தில் தெரிந்தது. நோயே இல்லாத ஆட்கள் இவர்கள். ஏற்கெனவே குழாயில் அடைப்பு இருக்கும் 45 வயதுக்காரர் ஒருவரை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, அப்படியானால் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நாங்கள் சோதனை செய்த முதல் நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு மாடிப் பயிற்சிக் கட்டடம், கீழே மரப்பலகையும் வைக்கோலும் எரிகின்றன. உள்ளே போன இளைஞருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். அவர் மணிக்கட்டில் ஒளியால் நாடி பார்க்கும் பட்டை, நெஞ்சில் மின்முனை வைத்த பட்டை, இரண்டும் இருந்தன. ஆறாவது நிமிடத்தில் மணிக்கட்டு 92 என்று காட்டியது. நெஞ்சு 174 என்றது. ஒரே ஆள், ஒரே நேரம். வாசலில் மண்டியிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியவரின் கழுத்திலிருந்து ஆவி பறந்தது. கேட்டதும் "நல்லா இருக்கேன் சார்" என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நான் குனிந்து கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். நெஞ்சுப் பட்டை சொன்னதுதான் சரி.

மணிக்கட்டுக் கருவி ஏன் தவறியது? பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, ரத்தம் வந்து போகும்போது திரும்பும் ஒளி கூடிக் குறைவதை எண்ணுவதுதான் அதன் வேலை. கையுறையின் விளிம்பு அதை அழுத்துகிறது. தண்ணீர்க் குழாயை இறுக்கிப் பிடித்திருப்பதால் மணிக்கட்டுத் தசைகள் முறுகி நிற்கின்றன. கை ஓயாமல் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் தாளத்தையே நாடி என்று எடுத்துக்கொண்டு ஒரு எண்ணைக் காட்டிவிடும். பூங்காவில் ஓடும்போது நன்றாக வேலை செய்யும் அதே வாட்ச்தான் இது. தவறு அதனுடையது இல்லை, அது இந்த வேலைக்குச் செய்யப்படவில்லை.

நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேராக எடுப்பதால் நம்பகமானது. அதற்கும் சிக்கல் உண்டு. மின்முனைக்கும் தோலுக்கும் நடுவே ஈரம் வேண்டும். வியர்வை வருவதற்கு முந்தைய முதல் சில நிமிடங்களில் கோடு குப்பையாக வரும். பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் சரியாகிவிடும். அப்புறம் மூச்சுக் கருவியின் தோள்வார் அதன்மேல் உரசும். இப்படிப்பட்ட பட்டைகளில் பெயர் பெற்றது ஸெஃபிர் பயோஹார்னஸ். 2010இல் சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கத்தில் 33 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டபோது, அவர்கள் உடல்நிலையைக் கவனிக்கப் பயன்பட்டது இதுதான். துடிப்பு, மூச்சு வேகம், உடல் நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். குளோப் என்ற உடை நிறுவனம் அதையே சட்டைக்குள் வைத்து, தீயணைப்பு உடைக்கு உள்ளே அணியும்படி ஒன்றை உருவாக்கியது.

துடிப்பைவிட முக்கியமானது உள்ளுடல் வெப்பம். அதை அளப்பதுதான் மிகவும் கஷ்டம். தோலின் வெப்பத்தை வைத்து உள்ளே என்ன என்று சொல்ல முடியாது. மூன்று அடுக்கு உடைக்குள் தோல் தனி உலகம். துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் மாத்திரை போல ஒன்றை விழுங்க வேண்டும். அது குடலில் இருந்துகொண்டே வெப்பத்தை வானொலி அலையில் சொல்லும். நாசாவும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய நுட்பம் அது. 1998இல் ஜான் கிளென் 77 வயதில் மறுபடி விண்வெளிக்குப் போனபோது அப்படி ஒன்றை விழுங்கினார். ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. ஆனால் தினமும் எந்த நேரத்தில் அழைப்பு வரும் என்று தெரியாத ஒருவரிடம் மாத்திரையை விழுங்கிக் காத்திருங்கள் என்று சொல்ல முடியுமா?

அமெரிக்க ராணுவத்தின் உடலியல் ஆய்வாளர்கள் இதற்கு அழகான ஒரு வழி கண்டார்கள். 2013இல் வெளியான அந்த முறையில், துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் வைத்து உள்ளுடல் வெப்பத்தைக் கணித்துவிடுகிறார்கள். ஏவுகணையின் பாதையைக் கணிக்கப் பயன்படும் கால்மன் வடிகட்டி என்ற கணக்குதான் இங்கேயும். உடம்பு சூடானால் அதே வேலைக்கு இதயம் அதிகம் துடிக்க வேண்டும். அந்த உறவைக் கணக்கு பின்தொடர்கிறது. தனித்தனி அளவுகளில் மூன்றில் ஒரு டிகிரி அளவுக்கு முன்பின் இருக்கலாம். 38இலிருந்து 39க்கு ஏறும் போக்கைப் பிடிக்க அது போதும். துடிப்பையும் வெப்பத்தையும் சேர்த்து 0 முதல் 10 வரை ஒரே எண்ணாகச் சொல்லும் உடல் அழுத்தக் குறியீடு 1998இலிருந்தே இருக்கிறது. வெளியே நிற்கும் அதிகாரிக்கு ஐந்து வரைபடத்தைவிட அந்த ஒரு எண் உதவும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தீயை விட்டு வெளியே வந்தவுடன் வெப்பம் இறங்கத் தொடங்கிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நாங்கள் மாத்திரை வைத்துப் பார்த்தபோது, வாசலில் 38.4 ஆக இருந்தவர் நிழலில் உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து 38.9 காட்டினார். தசைகளில் தேங்கிய சூடு ரத்தத்தோடு உள்ளே வந்துகொண்டிருக்கும். உடை கழற்றப்படாமல் இருந்தால் வெளியேற வழியும் இல்லை. ஆகவே ஜாக்கெட்டையும் கால்சட்டையையும் உடனே கழற்றுவது, முன்கைகளைக் குளிர்ந்த நீரில் வைப்பது, இந்த இரண்டும் எந்தச் சென்சாரையும்விடப் பெரிய மருந்து. காற்றே ஈரமாக இருக்கும் சென்னை மாதிரி கடலோர ஊர்களில் வியர்வை ஆவியாகாது. அங்கே விசிறிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு, தண்ணீர் வேண்டும்.

ஓய்வு எடுக்கும் இந்த நேரம்தான், என் அனுபவத்தில், சென்சாருக்குச் சரியான நேரமும்கூட. உள்ளே வேலை செய்யும்போது துடிப்பு 180ஐத் தொடுவது சாதாரணம். அங்கே எச்சரிக்கை மணி வைத்தால் நான்கு பேரின் மணியும் நான்காவது நிமிடத்தில் அடிக்கும். இரண்டு முறை அடித்தால் மூன்றாவது முறை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துடிப்பு எவ்வளவு ஏறியது என்பதைவிட, உட்கார்ந்த பிறகு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. 20 நிமிடம் ஓய்வெடுத்த பின்பும் 100க்கு மேலேயே நிற்கிறது என்றால் அந்த ஆளைத் திரும்ப உள்ளே அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் பல துறைகள் இப்படி ஒரு விதி வைத்திருக்கின்றன. முதல் நாள் பார்த்த அந்த இளைஞருக்குப் பத்து நிமிடம் கழித்தும் 140க்கு மேல் இருந்தது. அடுத்த சுற்றுக்கு எழுந்துவிட்டார். பயிற்சியாளர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு அவர் தோளில் கை வைத்து மறுபடி உட்காரவைத்தார். அன்றைக்கு எங்கள் கருவி செய்த உருப்படியான ஒரே வேலை அது. அதையும் முடித்துவைத்தது அந்தக் கைதான்.

வெளிவெப்பத்துக்கு வருவோம். பழைய காலத்து வீரர்கள் காதை வைத்துச் சூட்டைப் பார்ப்பார்கள். காது மடல் சுட்டால் இனி உள்ளே போகக் கூடாது என்று அர்த்தம். பிறகு காதையும் கழுத்தையும் மூடும் தீத்தாங்கு முகமூடித் துணி வந்தது. தீக்காயம் குறைந்தது, அந்தக் காது உணர்வும் போய்விட்டது. உடை நல்லதாக ஆக ஆக, ஆபத்து தாமதமாகத்தான் தெரிகிறது. தோல் 44 டிகிரியில் வலிக்கத் தொடங்கும், 55இல் கொப்புளம் வரும் அளவுக்கு வேகும். நடுவில் இருப்பது 11 டிகிரிதான். உடைக்குள் தேங்கிய சூடு வலி தெரிந்த பிறகும் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். வியர்வை ஈரம் ஆவியாகி உள்ளேயே வேகவைப்பதும் உண்டு. உடையின் அடுக்குகளுக்கு நடுவே வைக்கும் வெப்ப உணரி இதற்காகத்தான். தோல் சொல்வதற்கு அரை நிமிடம் முன்னால் அது சொன்னாலும், திரும்பி வாசல் நோக்கித் தவழ அந்த நேரம் உதவும்.

அப்புறம் வாயுக்கள். இதில் உங்கள் தம்பிக்கு நேரடியாக உதவும் செய்தி ஒன்று இருக்கிறது, தயவுசெய்து அவனிடம் சொல்லுங்கள். புகை மூச்சில் போனவருக்கு விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர் 98 சதவீதம் காட்டலாம், அவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருந்தாலும்கூட. அந்தக் கருவி இரண்டு நிற ஒளிகளை வைத்து ரத்தம் எவ்வளவு சிவப்பு என்று பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினும் அதன் கண்ணுக்கு அதே சிவப்புதான். வாட்ச்சில் வரும் ஆக்ஸிஜன் எண்ணுக்கும் இதே குறை உண்டு. மாசிமோ நிறுவனம் செய்தது போல, இன்னும் பல அலைநீளங்களை வைத்து இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. பல நாடுகளில் தீ விபத்து இடத்தில் ஓய்வு நேரத்தில் வீரர்களுக்கு அதை மாட்டிப் பார்க்கிறார்கள். அது இல்லாத இடத்தில், தலைவலி, குமட்டல், தடுமாற்றம் இருந்தால் ஆக்ஸிமீட்டர் எண்ணை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. மருத்துவமனைக்குப் போய், புகை மூச்சில் போனது என்று சொல்லி, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சாதாரணக் காற்றில் இருந்தால் அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆகிவிடும்.

உடையிலேயே வாயு உணரிகளை வைத்த முயற்சிகளில் ஐரோப்பாவின் புரோடெக்ஸ் திட்டம் குறிப்பிட வேண்டியது. 2006இல் தொடங்கியது. உள்சட்டையில் துடிப்பும் மூச்சும், வெளிச்சட்டையில் வெப்பமும் கார்பன் மோனாக்சைடும், காலணியில் கார்பன் டை ஆக்சைடு உணரி. காலணியில் ஏன்? அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். காட்டுத் தீயில் வேலை செய்பவர்களின் நிலை இன்னும் மோசம். மூச்சுக் கருவியைச் சுமந்துகொண்டு நாள் முழுவதும் மலை ஏற முடியாது. ஆகவே புகையை அப்படியே சுவாசிக்கிறார்கள். ஸ்பெயினின் கத்தலோனியாவில் நீண்ட அனுபவமுள்ள ஒரு தீயணைப்பு வீரரும், ஒரு செவிலியரும், மென்பொருள்காரர்களும் சேர்ந்து புரோமெத்தியோ என்று ஒரு கருவி செய்தார்கள். மேல்கையில் கட்டிக்கொள்வது. புகை, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அளந்து, அந்த ஆள் இன்றைக்கு எவ்வளவு சுவாசித்திருக்கிறார் என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். 2019இல் ஐ.பி.எம். ஆதரவோடு நடந்த கால் ஃபார் கோட் போட்டியில் முதல் பரிசு வாங்கியது.

இனி, வழி தவறிப் போவது. 1999 டிசம்பர் 3, அமெரிக்காவின் வூஸ்டர் நகரம். ஜன்னலே இல்லாத பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் தீ. வீடில்லாதவர்கள் உள்ளே இருக்கலாம் என்று தேடிப் போன இருவர் புகையில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைத் தேடிப் போன நால்வரும் திரும்பவில்லை. அதற்கு மேல் உள்ளே போகத் துடித்தவர்களை, பொறுப்பில் இருந்த அதிகாரி ஒருவர் வாசலில் நின்று தடுத்தார். உள்ளே இருந்தவர்கள் அவருடைய சொந்த ஆட்கள். அந்த இடத்தில் நிற்பதற்கு எவ்வளவு மனபலம் வேண்டும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அந்த ஊரிலேயே இருக்கும் வூஸ்டர் பாலிடெக்னிக் கல்லூரி, கட்டடத்துக்குள் வீரர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியைப் பல வருடங்கள் நடத்தியது.

இருபத்தைந்து வருடம் ஆகியும் அது முழுசாகத் தீராத பிரச்சினையாகவே இருக்கிறது. ஜி.பி.எஸ். கட்டடத்துக்குள் எடுக்காது. கான்கிரீட்டும் இரும்பும் வானொலி அலையை உடைத்துத் திருப்பிவிடும். காலணியில் அசைவு உணரி வைத்து, எத்தனை அடி எந்தப் பக்கம் நடந்தார் என்று கணக்குப் போடலாம். கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் வேகம் பூஜ்யம் என்று தெரிவதால் சேர்ந்த பிழையை அந்த நொடியில் திருத்திக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் புகைக்குள் யாரும் நடப்பதில்லை. முழங்காலில் தவழ்கிறார்கள், ஒரு காலை நீட்டித் தரையைத் தட்டிப் பார்த்து நகர்கிறார்கள், குழாயை இழுத்தபடி பின்னால் வருகிறார்கள். நடைக்கு எழுதிய கணக்கு அங்கே குழம்பிவிடும். எந்த மாடி என்று சொல்லக் காற்றழுத்த மானி உண்டு. தீயும் புகைபோக்கி விசிறியும் காற்றழுத்தத்தையே மாற்றிவிடுவதால் அதுவும் தடுமாறும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் பாயின்ட்டர் என்ற முறையில் வானொலி அலைக்குப் பதில் மெதுவாக மாறும் காந்தப்புலத்தைப் பயன்படுத்தியது. சுவர் அதைத் தடுப்பதில்லை. இந்த வரிசையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது அதுதான்.

இதற்கிடையில் நிஜமாகவே எண்ணற்ற இடங்களில் பயன்பாட்டில் இருப்பது மிக எளிமையான ஒரு பெட்டி. மூச்சுக் கருவியோடு சேர்ந்திருக்கும் அசைவு உணரி. 30 நொடி அந்த ஆள் அசையாமல் கிடந்தால் ஊளையிடும். அதற்கு முன்னால் சன்னமாக ஒரு முன்னெச்சரிக்கை வரும், உடம்பை ஆட்டினால் நின்றுவிடும். அமெரிக்கத் தரம் 1980களிலிருந்தே இருக்கிறது. இந்த எளிய கருவியிலும் ஒரு பாடம் கிடைத்தது. உயிரிழப்பு நடந்த சில இடங்களில் இந்த ஒலி யாருக்கும் கேட்கவில்லை என்று விசாரணைகளில் தெரிந்தது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2005இல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, 150 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஒலி சன்னமாகிவிடுவது தெரிந்தது. எந்த இடத்துக்காகச் செய்தார்களோ அந்த இடத்திலேயே குரல் அடைத்துப்போகிற கருவி. அடுத்து வந்த 2007 தரத்தில் வெப்பச் சோதனை கடுமையானது.

அதே நிறுவனம் மின்னணுக் கருவிகளுக்கு வெப்ப வகுப்புகளையும், அதாவது எந்தச் சூட்டை எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதையும், பரிந்துரைத்தது. 100 டிகிரியில் 25 நிமிடம், 160இல் 15 நிமிடம், 260இல் 5 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கடையில் கிடைக்கும் வாட்ச்சின் கையேட்டைப் பாருங்கள், சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று சிலவற்றில் எழுதியிருக்கும். கோடைக்காலத்து வேலூர் தெருவே அதைத் தாண்டும். சிலிண்டர் கசிந்த வீட்டுக்குள் போகும்போது தீப்பொறி வராது என்று சான்று பெற்ற கருவிதான் உடம்பில் இருக்கலாம். வாட்ச்சுக்கு அந்தச் சான்று கிடையாது. பிளாஸ்டிக் பட்டையாக இருந்தால் தோலில் உருகி ஒட்டும் அபாயம் வேறு.

மிகப் பழைய, மிக நம்பகமான சென்சார் ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது, வீரர் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரின் அழுத்தமானி. பிரிட்டனில் உள்ளே போகும் ஒவ்வொருவரும் தன் பெயர்ப் பட்டையை வாசலில் உள்ள பலகையில் செருகிவிட்டுத்தான் போக வேண்டும். எவ்வளவு காற்று இருக்கிறது, எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும் என்று ஒருவர் அங்கேயே நின்று கணக்கு வைப்பார். இப்போது அந்த எண் வானொலியில் தானாகப் பலகைக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் காற்று குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை முன்பு கால் பங்கில் அடிக்கும். 2013 தரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே அடிக்கிறது. திரும்பி வரக் கூடுதல் காற்று. பகட்டில்லாத மாற்றம், ஆனால் என்னைக் கேட்டால் பல புதுக் கருவிகளைவிட இதன் மதிப்பு பெரிது.

இன்னொரு ஆபத்து மெதுவாக வருவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. இதை அளக்க மின்சாரமே தேவைப்படாத ஒரு சென்சார் இருக்கிறது. சாதாரண சிலிக்கோன் துண்டு. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. சுற்றியிருக்கும் நச்சு வேதிப்பொருள்களை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு ஆய்வுக்கூடத்தில் பிழிந்து பார்க்கலாம். அமெரிக்காவின் கேன்சஸ் நகரப் பகுதி வீரர்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டு வேலை பார்த்தார்கள். தம்பிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கரி படிந்த உடையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், திரும்பியதும் கழுத்தையும் கைகளையும் கழுவி, முடிந்தவரை சீக்கிரம் குளிக்கட்டும்.

இந்தக் கருவிகளை வீரர்கள் ஏன் சில இடங்களில் மாட்டிக்கொள்ள மறுக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். பயம்தான் காரணம். "என் துடிப்பு சரியில்லை என்று தெரிந்தால் என்னை மேசை வேலைக்கு மாற்றிவிடுவார்களா? பதவி உயர்வு போய்விடுமா?" ஒரு மூத்த வீரர் என்னிடம் கேட்டுவிட்டு, பட்டையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். நியாயமான பயம். இந்தத் தகவலை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதெல்லாம் எழுத்தில் இல்லாமல் கருவியைக் கொடுத்தால், அது அலமாரியில்தான் தூங்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு. பணியில் இதயத்தால் இறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இதய நோய் முன்பே உள்ளுக்குள் இருந்திருக்கிறது. ஆகவே முதல் செலவு வாட்ச்சுக்கு வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. எல்லாம் இப்போதே ஒருமுறை பார்த்து எழுதி வைக்கட்டும். வீட்டில் அப்பா, சித்தப்பா யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லட்டும். அதன் பிறகு வாட்ச் வாங்கிக் கொடுங்கள். தூக்கம் எப்படி, ஓய்வில் துடிப்பு எவ்வளவு என்று இரண்டு மூன்று மாதம் பார்த்தால் அவனுக்கே தன் உடம்பின் வழக்கமான எண் தெரிந்துவிடும். அழைப்பு வந்தால் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வந்ததும் உடையைக் கழற்றி, தண்ணீர் குடித்து, கையைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளட்டும். அப்போது கை அசையாமல் இருக்கும், வாட்ச் சொல்வதை நம்பலாம். அரை மணி நேரம் கழித்தும் எண் 100க்கு மேலேயே நின்றால், அல்லது நெஞ்சில் பாரம், தாடையில் வலி, மூச்சுத் திணறல் என்று எது இருந்தாலும், "நல்லா இருக்கேன்" என்று சொல்லாமல் நிலைய அலுவலரிடம் போய் உள்ளதைச் சொல்லட்டும்.